கரையும் ஸ்டென்ட்டுகள்: பலூனின் பக்கமிருந்து ஒரு மதிப்பீடு

அடைபட்ட இதயத் தமனியைத் தாங்கித் திறந்து வைத்துவிட்டு நாளடைவில் கரைந்துபோகும் வலைக்குழாய்தான் கரையும் ஸ்டென்ட். அதைப் பற்றி எல்லோரும் கேட்பது இரண்டு கேள்விகள்: எதனால் ஆனது, எத்தனை மாதத்தில் கரையும்? இரண்டும் நியாயமான கேள்விகள்தான். ஆனால் கேத் லேபில், அதாவது தமனிக்குள் குழாய் செலுத்திச் சிகிச்சை செய்யும் அறையில், அதன் தலையெழுத்தை எழுதுவது பலூன். அதற்கு முன் ஊதும் பலூன், அதைச் சுமந்து செல்லும் பலூன், வைத்த பிறகு ஊதும் பலூன் என மூன்று. இந்த மூன்றில் ஒன்று தவறினாலும் கரையும் ஸ்டென்ட் சாதாரண உலோக ஸ்டென்ட்டை விட மோசமான பொருளாகிவிடும். அதனால் அப்சார்ப், மெரெஸ்100, மேக்மாரிஸ், ஃப்ரீசால்வ் ஆகிய நான்கையும் இங்கே பலூனை வைத்தே எடைபோடுகிறோம். கேத் லேப் டெக்னீஷியன்களையும் இளம் இதய மருத்துவர்களையும் மனத்தில் வைத்து எழுதியது இது. ‘எனக்குக் கரையும் ஸ்டென்ட் வைக்கலாமா’ என்று யோசிக்கும் நோயாளிக்கும் பயன்படும்.

ஆங்கிலத்தில் இதை ஸ்டென்ட் என்று சொல்லாமல் ஸ்காஃபோல்ட் என்பார்கள். கொத்தனார் கட்டும் சாரம் என்று பொருள். சுவர் நிற்கும் வரை தாங்கும், பிறகு பிரித்துவிடலாம். பொருத்தமான பெயர். சாரம் வளைந்து கட்டப்பட்டால் சுவரும் வளையும் என்பது வரை பொருத்தம்.

பொருளின் குணம்

அப்சார்பும் மெரெஸ்100-ம் பாலி-எல்-லாக்டிக் அமிலம் என்ற பாலிமரால் ஆனவை. இந்தப் பாலிமரை இழுத்தால் 2 முதல் 6 சதவீதம் நீள்வதற்குள் அறுந்துவிடும். ஸ்டெய்ன்லெஸ் ஸ்டீல் 40 சதவீதம் வரை நீளும். உலோக ஸ்டென்ட்டை அவசரமாக ஊதினாலும், ஓர் அளவு பெரிய பலூனால் இன்னொரு முறை விரித்தாலும் அது பொறுத்துக்கொள்ளும். பாலிமர் பொறுக்காது. அதன் சங்கிலிகள் விரிந்து புதிய வடிவத்துக்கு வர நேரம் வேண்டும், உடல் வெப்பமும் வேண்டும்.

இந்தக் குணத்தை முதலில் நேருக்கு நேர் சந்தித்தது ஜப்பானின் இகாகி-டமாய் ஸ்டென்ட். 1998-இல் மனித இதயத் தமனியில் வைக்கப்பட்ட முதல் முழுக் கரையும் ஸ்டென்ட் அது. அதை விரிக்க, பலூனுக்குள், எக்ஸ்-ரேயில் தெரியும் கான்ட்ராஸ்ட் திரவத்தைச் சூடாக்கிச் செலுத்தினார்கள். வெப்பத்தில் பாலிமர் இளகி விரிந்தது. தமனிச் சுவருக்குச் சூடு படுமே என்ற கவலையால் அந்த வழி பரவவில்லை. பின்னால் வந்தவை சூட்டுக்குப் பதிலாக நேரத்தை எடுத்துக்கொண்டன. இன்று பலூனை மெதுவாக ஊதச் சொல்வதன் வேர் அதுதான்.

அப்சார்ப்: கடையில் இல்லை, பாடம் இருக்கிறது

அபாட் நிறுவனத்தின் அப்சார்ப் 2011-இல் ஐரோப்பிய அனுமதியும் 2016 ஜூலையில் அமெரிக்க அனுமதியும் பெற்றது. 2017 செப்டம்பரில் விற்பனை நின்றது. இப்போது வாங்க முடியாத ஒன்றை ஏன் மதிப்பிட வேண்டும்? பலூன் நுட்பம் பற்றி இன்று நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அப்சார்பின் தோல்விகளிலிருந்து வந்தது என்பதால்தான்.

அதன் இழை, மருந்துப் பூச்சோடு சேர்த்து 157 மைக்ரான் தடிமன். இன்றைய உலோக ஸ்டென்ட்டுகள் பலவற்றின் கம்பி 60 முதல் 80 மைக்ரான். அளவுகள் மூன்றே: 2.5, 3.0, 3.5 மி.மீ. எக்ஸ்-ரேயில் இழை தெரியாது. இரு முனைகளிலும் இருக்கும் பிளாட்டினப் புள்ளிகள் மட்டுமே தெரியும். மடக்கிய நிலையில் ஏறக்குறைய 1.4 மி.மீ. பருமன். இத்தனை தடித்த, இத்தனை எளிதில் முறியும் ஒரு பொருளை, ஆரம்பத்தில் பல இடங்களில் உலோக ஸ்டென்ட் போலவே வைத்தார்கள்.

விளைவு எண்களில் தெரிந்தது. 2,008 பேர் கலந்துகொண்ட அப்சார்ப் 3 ஆய்வில் முதல் ஆண்டில் ஸ்டென்ட்டுக்குள் ரத்தக்கட்டி உருவானது 1.5 சதவீதம், ஒப்பிட்ட உலோக ஸ்டென்ட்டில் 0.7 சதவீதம். 2.25 மி.மீ.க்குக் குறைவான தமனிகளைத் தனியாகப் பார்த்தால் 4.6-க்கு 1.5. நெதர்லாந்தில் நடந்த ஐடா ஆய்வில் இரண்டு ஆண்டுகளில் 3.5-க்கு 0.9. இந்தக் கடைசி எண்தான் பலரைக் கையை உதற வைத்தது.

ஆனால் அதே காலத்தில் ஜெர்மனி, சுவிட்சர்லாந்து மருத்துவமனைகளிலிருந்து 1,300-க்கும் மேற்பட்ட நோயாளிகளைப் பற்றிய கணக்கு ஒன்று வந்தது. தமனியின் அளவுக்குச் சமமான வீங்காத பலூனால் (அழுத்தம் கூடினாலும் விட்டம் பெருக்காத பலூன்) முதலில் ஊதுவது, அந்தப் பலூன் முழுதாக விரிந்தால் மட்டுமே ஸ்டென்ட்டை எடுப்பது, பிறகு மீண்டும் வீங்காத பலூனால் 14 முதல் 16 அட்மாஸ்பியர் அழுத்தத்தில் ஊதுவது. இந்த ஒழுங்கைக் கடைப்பிடிக்கத் தொடங்கிய பிறகு 12 மாத ரத்தக்கட்டி விகிதம் 3.3-இலிருந்து 1.0 சதவீதமாக இறங்கியது. பொருள் அதேதான். மாறியது பலூன் பழக்கம்.

இதை வைத்து ‘எல்லாம் கைப்பழக்கம்தான், பொருளில் குறையில்லை’ என்று சொல்பவர்களோடு எங்களுக்கு உடன்பாடில்லை. தடித்த இழை ரத்த ஓட்டத்தைக் கலைக்கும். சுவரோடு ஒட்டாத இழை, மூன்று ஆண்டுகளில் பாலிமர் சிதையும்போது தமனியின் நடுவே சரிந்து விழும். நல்ல பலூன் வேலை இந்த ஆபத்தைக் குறைக்கும், இல்லாமல் ஆக்காது.

முதல் பலூன்: இங்கேதான் பாதி வெற்றி

அடைப்பைத் தயார் செய்வதில் கஞ்சத்தனம் கூடாது. கைடு வயர் (பலூனுக்கு வழிகாட்டும் மெல்லிய கம்பி) அடைப்பைக் கடந்ததும், அளவெடுக்கும் முன், தமனியை விரிக்கும் நைட்ரோகிளிசரினைத் தமனிக்குள் 100 முதல் 200 மைக்ரோகிராம் கொடுக்க வேண்டும். இதை விட்டால் சுருங்கிய தமனியை அளந்து, சிறிய ஸ்டென்ட்டை எடுத்துவிடுவோம். பிறகு சுருக்கம் தளர்ந்து ரத்தம் முழுதாக ஓடத் தொடங்கியதும் தமனி விரியும், ஸ்டென்ட் சுவரைத் தொடாமல் மிதக்கும். உலோகமாக இருந்தால் பெரிய பலூனால் சரிசெய்துவிடலாம். இங்கே அந்த வசதி அரை மில்லிமீட்டரோடு முடிந்துபோகிறது.

அடைப்பு மிக இறுக்கமாக இருந்தால் 2.0 மி.மீ. சாதாரண பலூனால் வழி திறந்துவிட்டு, பிறகு தமனியின் விட்டத்துக்குச் சமமான வீங்காத பலூனை எடுக்க வேண்டும். கேத் லேபில் ‘என்.சி. பலூன்’ என்பது இதைத்தான். சாதாரணப் பலூன் அழுத்தம் கூடக் கூட விட்டத்திலும் பெருக்கும். கடினமான இடத்தில் விரிய முடியாமல் இரு பக்கமும் பிதுங்கி, நாய்க்குப் போடும் எலும்பு போல ஆகும். பிதுங்கிய இடத்தில் நல்ல தமனி கிழியும், அடைப்பு அப்படியே இருக்கும். என்.சி. பலூன் 12 அட்மாஸ்பியரில் 3.0 என்றால் 20-இலும் கிட்டத்தட்ட 3.0-தான். அழுத்தம் முழுவதும் அடைப்பின் மீது இறங்கும்.

ஊதும்போது ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு கோணங்களில் பார்க்க வேண்டும். ஒரு கோணத்தில் முழுதாக விரிந்ததுபோல் தெரியும் பலூன், இன்னொன்றில் இடுப்பு ஒட்டி நிற்கும். இடுப்பு மறையாத வரை கரையும் ஸ்டென்ட்டின் உறையைக் கிழிக்கவே கூடாது. இதைச் செவிலியருக்கும் டெக்னீஷியனுக்கும் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது. உறை கிழிந்துவிட்டால் ‘வைத்துவிடலாமே’ என்ற மனநிலை வந்துவிடும்.

இடுப்பு மறையவில்லை என்றால் அடுத்து, அடைப்பில் கீறல் போடும் ஸ்கோரிங் பலூன் அல்லது கட்டிங் பலூன். கட்டிங் பலூனில் அளவைப் பொறுத்து மூன்று அல்லது நான்கு மெல்லிய கத்திகள் நீளவாக்கில் பதிந்திருக்கும். அதை 5 நொடிக்கு 1 அட்மாஸ்பியர் என்ற வேகத்தில்தான் ஏற்ற வேண்டும். அவசரப்பட்டால் மடிப்பு சரியாக விரியாமல் கத்தி பலூனையே குத்தும், தமனியையும் குத்தும். சுற்றிலும் கால்சியம் கட்டியிருந்தால் அதிர்வலை பலூன். தமனிக்குச் சமமான அளவில் எடுத்து, 4 அட்மாஸ்பியருக்கு ஊதி, 10 துடிப்புகள் கொடுத்து, 6-க்கு ஏற்றிப் பார்த்து, இறக்க வேண்டும். ரத்தம் ஓட இடைவெளி விட்டு மீண்டும் செய்யலாம். விலை அதிகம். அவ்வளவு கால்சியம் உள்ள தமனிக்குக் கரையும் ஸ்டென்ட் எதற்கு என்பது எங்கள் கேள்வி. அதிர்வலை பலூன் தேவைப்படும் பெரும்பாலான இடங்களில் மெல்லிய உலோக ஸ்டென்ட்டே நல்ல தேர்வு.

தயாரிப்பு முடிந்ததும் மிச்ச அடைப்பு 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். 30 என்றால் போதாது. விரியாத இடத்தில் பாலிமரை வைத்து, பிறகு பலூனால் இடிப்பது முறிவுக்கான நேர் வழி.

சுமக்கும் பலூன்: இண்டெஃப்லேட்டரை (பலூனை ஊதும் திருகு கருவியை) வேகமாகத் திருகாதீர்கள்

பலூனில் காற்றுக்குமிழ் இருக்கக் கூடாது. கான்ட்ராஸ்ட், சலைன் பாதிக்குப் பாதி கலந்த திரவம் போதும். சுத்தக் கான்ட்ராஸ்ட் பிசுபிசுப்பாக இருப்பதால் பலூன் இறங்க நேரமாகும். ஏற்றும்போது 5 நொடிக்கு 2 அட்மாஸ்பியர். 10 அட்மாஸ்பியருக்குப் போக 25 நொடி ஆகும். முழுதாக விரிந்த பின் 30 நொடி பிடித்து வைக்க வேண்டும். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து ஒருவர் சத்தமாக எண்ணுவது மிக நல்ல பழக்கம். நோயாளிக்கு வலி வரும், ஈ.சி.ஜி. மாறும். அந்த நேரத்தில் கை தானாகவே வேகமாகத் திருகும். எண்ணும் குரல் இருந்தால் கை கட்டுக்குள் இருக்கும். முதல் பலூனை ஊதும்போதே நோயாளி எவ்வளவு நேரம் தாங்குகிறார் என்பது தெரிந்துவிடும். அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஸ்டென்ட் கடக்க மறுத்தால் தள்ளிக்கொண்டே இருக்காதீர்கள். வெளியே எடுத்து மீண்டும் பலூனால் தயார் செய்வதே வழி. ஸ்டென்ட்டை இன்னும் உள்ளே கொண்டுபோக உதவும் நீட்டிப்புக் கதீட்டர் (மெல்லிய குழாய்) போட நினைத்தால் அதன் உள்விட்டத்தை முதலில் பாருங்கள். 6 ஃப்ரெஞ்ச் (குழாய்ப் பருமனின் அளவு) அளவில் 1.4 மி.மீ. பருமனுள்ள பொருள் மிக இறுக்கமாகவே நுழையும். விளிம்பில் உரசி ஸ்டென்ட் பலூனிலிருந்து நழுவிவிட்டால், எக்ஸ்-ரேயில் தெரியாத ஒன்றைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கும்.

மூன்றாவது பலூன்: எல்லை அரை மில்லிமீட்டர்

அப்சார்பில் எழுதப்பட்ட விதி, குறிப்பிட்ட விட்டத்துக்கு மேல் 0.5 மி.மீ. வரை மட்டும் விரிக்கலாம் என்பது. 3.0 என்றால் 3.5 வரை. 3.8 மி.மீ. தமனியில் 3.0-ஐ வைத்துவிட்டால் இரண்டே வழி: மிதக்க விடலாம், அல்லது முறிக்கலாம். இரண்டுமே தவறு. அதற்குப் பின் முறிவைச் சரிசெய்ய உள்ளே இன்னோர் உலோக ஸ்டென்ட்தான்.

பலூனின் நீளம் ஸ்டென்ட்டை விடக் குறைவாக இருக்க வேண்டும். பலூனின் இரு முனைக் குறிகளும் பிளாட்டினப் புள்ளிகளுக்கு உள்ளே அமர வேண்டும். வெளியே நீண்டால் விளிம்பில் தமனி கிழியும். புதிதாகப் பிரித்த, ஊதாத பலூனையே எடுங்கள். ஏற்கெனவே ஊதிய பலூனின் இறக்கைகள் முழுதாகச் சுருண்டு மடங்காது. அது முதல் இழையிலேயே மாட்டும், தள்ளினால் ஸ்டென்ட்டின் முனை சுருண்டு குவியும். சிக்கனம் பார்த்து இங்கே மிச்சம் பிடிப்பது அநியாயம்.

14 முதல் 16 அட்மாஸ்பியர், நோயாளி தாங்கும் வரை நேரம். இலக்கு, மிச்ச அடைப்பு 10 சதவீதத்துக்குள். முன்பு சொன்ன ஜெர்மானிய-சுவிஸ் கணக்கு இன்னொன்றும் காட்டியது: 2.5, 3.0 அளவுகளில் கடைசியில் கிடைக்கும் குறைந்தபட்ச உள்விட்டம் 2.4 மி.மீ.க்குக் கீழே போனால், 3.5-இல் 2.8-க்குக் கீழே போனால், ரத்தக்கட்டி ஆபத்து ஏறுகிறது. இந்த இரண்டு எண்களையும் கேத் லேப் சுவரில் எழுதி ஒட்டலாம்.

கண்ணால் பார்த்து இதை முடிவு செய்ய முடியாது. தமனியை உள்ளிருந்து ஒளியால் படமெடுக்கும் ஓ.சி.டி. வேண்டும். அதில் பாலிமர் இழை, வெளிச்சமான விளிம்புள்ள கறுப்புப் பெட்டியாகத் தெரியும். பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே இடைவெளி இருந்தால் இழை ஒட்டவில்லை. ஒரு பெட்டி மேல் இன்னொரு பெட்டி ஏறியிருந்தாலோ, தனிப் பெட்டி நடுவே தொங்கினாலோ முறிவு. ஓ.சி.டி. இல்லாத இடத்தில் கரையும் ஸ்டென்ட் வைக்கக் கூடாது என்பதே எங்கள் உறுதியான நிலை.

கிளைத் தமனிகள் தனிச் சிக்கல். உலோகத்தில் செய்வதுபோல இரண்டு பலூன்களை அருகருகே முழுதாக ஊதினால், இரண்டின் விட்டமும் சேர்ந்து ஸ்டென்ட்டின் எல்லையைத் தாண்டிவிடும். கிளை அடைபட்டால் மட்டும் சிறிய பலூனால் குறைந்த அழுத்தத்தில் இழைகளுக்கு நடுவே திறந்துவிட்டு, பிறகு மெயின் தமனியில் மறுபடி ஊதுவது பாதுகாப்பு. இரண்டு ஸ்டென்ட்டுகளை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றுவதும் அப்படியே. தவிர்க்க முடியாவிட்டால் 1 மி.மீ. அளவுக்கு மேல் ஏற்றாதீர்கள். இரண்டு 157 மைக்ரான் சேர்ந்தால் தமனிக்குள் ஒரு படிக்கட்டுதான்.

மெரெஸ்100

குஜராத்தின் வாபியில் உள்ள மெரில் லைஃப் சயின்சஸின் தயாரிப்பு. பாலிமர் அதே குடும்பம், இழை 100 மைக்ரான், தமனி மீண்டும் அடைபடாமல் தடுக்கும் பூச்சு மருந்து சிரோலிமஸ். 2019-இல் ஐரோப்பிய அனுமதி பெற்றது. 108 பேரைக் கொண்ட மெரெஸ்-1 ஆய்வில் ஆறு மாதத்தில் உள்விட்டம் சராசரியாக 0.15 மி.மீ. மட்டுமே குறைந்தது.

பலூன் பிடிப்பவர்களுக்கு இதில் இரண்டு நல்ல செய்திகள். 2.75, 3.25 போன்ற கால் அளவுகளும் இருப்பதால், தமனிக்குச் சமமானதைத் தேர்ந்தெடுத்து மூன்றாவது பலூனின் சுமையைக் குறைக்கலாம். ஒவ்வொரு முனையிலும் மூன்று குறிகள் இருப்பதால் முனை எங்கே நிற்கிறது என்பது எந்தக் கோணத்திலும் தெரியும். முனைகளில் மூடிய கண்ணிகள், நடுவில் திறந்த கண்ணிகள் என்ற வடிவமைப்பு வளைவுகளில் உதவும். இழை மெலிந்ததால் விதிகள் தளர்ந்துவிட்டன என்று மட்டும் எண்ணாதீர்கள். பாலிமர் பாலிமர்தான். மெதுவான ஊதலும் என்.சி. பலூனும் இங்கேயும் உண்டு. அப்சார்ப் சந்தித்த அளவுக்குப் பெரிய ஒப்பீட்டு ஆய்வுகளில் இது நின்று காட்ட வேண்டும் என்பதே எங்கள் எதிர்பார்ப்பு.

மேக்மாரிஸும் ஃப்ரீசால்வும்

பயோட்ரானிக் உருவாக்கிய இவை இரண்டும் மெக்னீசியம் கலவை. மேக்மாரிஸ் 2016-இல் வந்தது: 150 மைக்ரான், 3.0, 3.5 என இரண்டே அளவுகள். ஏறக்குறைய 12 மாதத்தில் கரைகிறது. உலோகம் என்பதால் பாலிமரைப் போல எளிதில் முறியாது, தள்ளுவதற்கும் வழுவழுப்பாக இருக்கிறது. ஆனாலும் முன்பலூன் சமமான அளவு, மிச்ச அடைப்பு 20 சதவீதத்துக்குள், பின்பலூன் அரை மில்லிமீட்டர் எல்லை என்ற மூன்றும் இதற்கும் அப்படியே பொருந்தும்.

இதன் பலவீனம் வேறு இடத்தில். ரத்தக்கட்டி குறைவு, ஆனால் தாங்கும் வலு சீக்கிரம் போய்விடுகிறது. மாரடைப்பு நோயாளிகள் 150 பேரிடம் ஸ்பெயினில் நடந்த மாக்ஸ்டெமி ஆய்வில், ஓராண்டில் மறுபடி சிகிச்சை தேவைப்பட்டவர்கள் மேக்மாரிஸில் 16.2 சதவீதம், உலோக ஸ்டென்ட்டில் 5.3. அடைப்பைச் சரியாக உடைக்காமல், ஸ்டென்ட்டின் வலுவை நம்பி விட்டுவிடும் பழக்கம் இங்கே எடுபடாது. சில மாதங்களில் அந்த வலு இருக்காது.

2024-இல் ஐரோப்பிய அனுமதி பெற்ற ஃப்ரீசால்வ் இந்தக் குறையைக் குறிவைத்துச் செய்யப்பட்டது. இழை, அளவுக்கேற்ப 99 முதல் 147 மைக்ரான். விட்டம் 2.5 முதல் 4.0 வரை. 116 பேரின் பயோமாக்-1 ஆய்வில் ஆறு மாத உள்விட்ட இழப்பு 0.21 மி.மீ.; மேக்மாரிஸின் ஆரம்ப ஆய்வில் அது 0.44. நான்கில் இப்போதைக்கு எங்கள் நம்பிக்கை அதிகம் இதன் மீதுதான்.

யாருக்கு, எவ்வளவு

ஐரோப்பிய இதய மருத்துவ சங்கத்தின் 2018 வழிகாட்டி, கரையும் ஸ்டென்ட்டை ஆய்வுகளுக்கு வெளியே பயன்படுத்த வேண்டாம் என்றது. அதை மதித்தே தேர்வு செய்ய வேண்டும்: நேரான, 2.75 மி.மீ.க்கு மேற்பட்ட, கால்சியம் குறைந்த தமனி. நீண்ட ஆயுள் எதிர்பார்க்கும் இளவயது நோயாளி. ரத்தம் உறைவதைத் தடுக்கும் இரட்டை மாத்திரையைத் தவறாமல் விழுங்கக்கூடியவர். பாலிமர் என்றால் அந்த மாத்திரை ஓராண்டுக்குக் குறையக் கூடாது. அப்சார்ப் வைத்தவர்களுக்கு மூன்று ஆண்டுகள் வரை நீட்டச் சொன்னார்கள்.

விலை: 2017 பிப்ரவரியில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் மருந்து ஸ்டென்ட்டோடு கரையும் ஸ்டென்ட்டையும் சேர்த்து 29,600 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்தது. அதுவரை ஒரு லட்சத்துக்கு மேல் வாங்கிய பொருள். நோயாளிக்கு அன்று பெரிய நிவாரணம்; வரம்பு பின்னர் மாறிவிட்டது. ஆனால் பில்லில் ஸ்டென்ட் ஒரு வரி மட்டுமே. அதனுடன் குறைந்தது இரண்டு என்.சி. பலூன்கள், ஓ.சி.டி. கதீட்டர், தேவைப்பட்டால் ஸ்கோரிங் பலூன் என்று சேரும். சம்மதப் படிவத்தில் கையெழுத்திடும் முன் இந்த வரிகளைத் தனித்தனியாகக் கேட்டு வாங்குங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் ஸ்டென்ட்டின் பெயரோடும் அளவோடும், வைத்த பின் எந்த அளவுப் பலூனால், எத்தனை அட்மாஸ்பியரில் ஊதினார்கள் என்பதையும் எழுதித் தரச் சொல்லுங்கள். இரண்டு ஆண்டு கழித்து மார்வலியோடு வேறோர் ஊர் மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால், எக்ஸ்-ரேயில் புள்ளிகளைத் தவிர ஒன்றும் தெரியாத அந்தத் தமனியைப் பற்றி மருத்துவருக்குத் தெரியவேண்டியது அந்த ஒரு வரியில் இருக்கும்.